நட்டக் கணக்கை நாமும் வாசிப்போம்



சம்பளப் பேச்சு என்று ஒன்று தொடங்கினால் கம்பனிகளின் பக்கத்திலிருந்து முதலில் வருவது ஒரே பல்லவிதான்: தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது. 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா ஆவதற்கு முன்பும் அதைத்தான் சொன்னார்கள். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா வந்தபோது அதையே சொல்லி நீதிமன்றம் போனார்கள். 2024இல் 1,700 ரூபாவுக்கு வர்த்தமானி வெளியானதும் மறுபடியும் நீதிமன்றம். அந்த ஆண்டு நாட்சம்பளம் 1,350இல் வந்து நின்றது. இத்தனை ஆண்டுகளில் அந்த நட்டத்தின் கணக்கைப் பிரட்டுக்களத்தில் விரித்துவைத்து, "இதுதான் வரவு, இதுதான் செலவு" என்று காட்டிய துரை ஒருவரையாவது எமது உறுப்பினர்கள் கண்டதுண்டா?

கேட்க வேண்டிய நாமும் கேட்பதில்லை. "கம்பனிக்கே நட்டமாம், நாம என்னத்தக் கேக்குறது" என்று லயத்து வாசலில் பேச்சு முடிந்துவிடுகிறது. பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் தலைவர்கள் சிலரும், கணக்கெல்லாம் படித்தவர்கள் பார்க்கிற விசயம் என்கிறார்கள். அந்தப் படித்தவர்கள் யார்? எமது பிள்ளைகள் சாதாரண தரத்தில் வணிகக் கல்வியும் கணக்கீடும் படிக்கிறார்கள். ஐந்தொகை எழுதத் தெரிந்த பிள்ளை இல்லாத லயம் இன்று குறைவு. கொழுந்து நிறுக்கும்போது அரைக்கிலோ தவறினால் அந்த இடத்திலேயே பிடிக்கிற அம்மாமாரும், இருபது பேரின் சீட்டை ஒரு கொப்பி இல்லாமல் மனக்கணக்கில் நடத்துகிற அக்காமாரும் எம்மோடு இருக்கிறார்கள். கம்பனிக் கணக்கு அதைவிடப் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் அதில் நான்கைந்து இடங்களில் கண்ணைக் கட்டிவிடுவார்கள். அந்த இடங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலாவது, இலாபமும் கைக்காசும் ஒன்றல்ல. வீட்டில் நகை இருக்கிறது, அது அடகுக் கடையில் கிடக்கிறது, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கக் காசில்லை. சொத்துக் கணக்கில் நாம் குறைந்தவர்கள் இல்லை, ஆனால் கை வெறுமை. இதன் மறுபக்கம் கம்பனியில் நடக்கிறது. தொழிற்சாலை இயந்திரமும் லொறியும் பழசாகின்றன என்று ஒவ்வொரு ஆண்டும் ஒரு தொகையைச் செலவாக எழுதுவார்கள். இதற்குப் பெறுமானத் தேய்வு என்று பெயர். எழுதுவது சரிதான், இயந்திரம் தேயத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆண்டில் அந்தத் தொகை யாருடைய கைக்கும் போகவில்லை. காசாகக் கம்பனியிடமே இருக்கிறது. ஆகவே இலாப நட்டக் கணக்கில் நட்டம் என்று போட்டிருக்கும் ஒரு கம்பனியிடம் அந்த ஆண்டு காசு மிஞ்சியும் இருக்கலாம். எதிராகவும் நடக்கும். தோட்டத்தில் நிற்கும் டர்பன்டைன், சவுக்கு மரங்களின் மதிப்பு கூடிவிட்டது என்று எழுதி, மரம் வெட்டாமலே இலாபம் காட்டலாம். அதில் சம்பளம் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. அதனால்தான் இலாப நட்டக் கணக்கின் கடைசி வரியை மட்டும் காட்டிப் பேசுகிறவரிடம், அவர் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும், காசுப் பாய்ச்சல் கூற்று எங்கே என்று கேட்க வேண்டும். தொழில் நடத்தியதில் எவ்வளவு காசு வந்தது, எதற்குப் போனது என்று அந்தப் பக்கத்தில் இருக்கும்.

இரண்டாவது, கிலோவுக்கு இவ்வளவு உற்பத்திச் செலவு என்ற எண். அதிகம் சொல்லப்படுவதும் இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். செலவில் இரண்டு வகை உண்டு. கொழுந்து கூடினால் கூடி, குறைந்தால் குறையும் செலவு ஒன்று. கொழுந்து வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டிய செலவு மற்றொன்று: காரியாலயம், உத்தியோகத்தர் சம்பளம், துரை பங்களா, வாகனம், வங்கி வட்டி, குத்தகை. ஒரு தோட்டத்தின் இந்த இரண்டாம் வகைச் செலவு மாதம் 50 இலட்சம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 25,000 கிலோ தேயிலை செய்தால் கிலோவுக்கு 200 ரூபா விழுகிறது. 20,000 கிலோவாகக் குறைந்தால் அதே செலவு கிலோவுக்கு 250 ஆகிறது. எமது சம்பளத்தில் ஒரு சதம் கூடவில்லை. உற்பத்திச் செலவு மட்டும் 50 ரூபா ஏறிவிட்டது.

அப்படியானால் கிலோ ஏன் குறைந்தது என்பதல்லவா கேள்வி? மலைகளைப் போய்ப் பாருங்கள். கவ்வாத்து வெட்டிய பிறகு நிரப்பாத வெற்றிடங்கள், புல்லுக்குள் மறைந்த வங்கி, கான் வெட்டாத சரிவு. வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலையில்தான் இன்னமும் பல மலைகளில் கொழுந்து எடுக்கிறோம். ஆண்டுதோறும் நிலத்தில் நூற்றுக்கு 2 பங்கையாவது மறுநடுகை செய்ய வேண்டும் என்பது நெடுங்காலமாக உள்ள பரிந்துரை. உங்கள் தோட்டத்தில் கடந்த பத்து ஆண்டுகளில் எத்தனை ஹெக்டயர் நட்டார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். எமக்கு வரும் கடிதங்களைப் பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம் போலிருக்கிறது.

இதற்குக் காரணமும் நிதிக் கணக்கிலேயே இருக்கிறது. 1992இல் தோட்டங்கள் 22 பிராந்தியக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. பிறகு குத்தகைக் காலம் 53 ஆண்டுகள் என்றாக்கப்பட்டது, 2045இல் முடிகிறது. தேயிலையை இன்று நட்டால் நாலைந்து ஆண்டு செலவு மட்டும்தான், அதற்குப் பிறகுதான் வரவு, அதுவும் பல பத்தாண்டுகளுக்கு மெதுவாக வரும் வரவு. போட்ட காசு எத்தனை ஆண்டில் திரும்பும் என்று பார்ப்பதுதான் முதலீட்டின் முதற்பாடம். வாடகை வீட்டுக்காரன் கூரையை மாற்றுவானா? ஒழுகுகிற இடத்துக்குச் சட்டி வைப்பான். குத்தகைக்காரரும் அதைத்தான் செய்கிறார்கள். அவர்களுடைய கணக்கில் அது புத்திசாலித்தனம். ஆனால் அதன் விளைவாக விளைச்சல் விழுந்து கிலோச் செலவு ஏறும்போது, "சம்பளத்தால் ஏறியது" என்று எம்மைக் காட்டுவதை நாம் ஏன் ஏற்க வேண்டும்?

ஒரு நாள் கொழுந்தின் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 18 கிலோ பச்சைக் கொழுந்து. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். ஆகவே 4 கிலோ தேயிலை. ஏலத்தில் கிலோ 1,200 என்று வைத்தால் 4,800 ரூபா. பறித்தவருக்கு 2024இல் வந்த நாட்சம்பளம் 1,350. அதற்குமேல் கம்பனி கட்ட வேண்டிய சேமலாப நிதி நூற்றுக்கு 12, நம்பிக்கை நிதி நூற்றுக்கு 3. இரண்டும் 202 ரூபா 50 சதம். மொத்தம் 1,552 ரூபா 50 சதம். மிச்சம் 3,247 ரூபா 50 சதம். இது முழுவதும் கம்பனியின் இலாபம் என்று நாம் சொல்லவில்லை. அதில்தான் உரம், விறகு, மின்சாரம், தொழிற்சாலைத் தொழிலாளி, புல்லு வெட்டுகிறவர், கவ்வாத்துக்காரர், லொறி, தரகர், மேலே சொன்ன காரியாலயச் செலவு எல்லாம் இருக்கின்றன. மழை நாளில் 18 கிலோ வராமலும் போகும். அந்த 3,247 ரூபா எப்படிப் பிரிகிறது என்று தோட்டவாரியாகக் காட்டுங்கள் என்பதுதான் எமது கேள்வி. (தராசில் தண்ணிக் கழிவு, கூடைக் கழிவு என்று இரண்டு மூன்று கிலோவை வெட்டுகிறார்களே, அதில் நியாயத்துக்கு மேல் வெட்டிய கொழுந்தும் தொழிற்சாலைக்குத்தான் போகிறது. அது தேயிலையாகி விற்கப்படும்போது சம்பளச் செலவு பூச்சியம். இந்த வரவை எந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள் என்று அறிய எமக்கு உண்மையாகவே ஆசை.)

மூன்றாவது விசயத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், இதில்தான் எமது காசு மாட்டிக்கொண்டிருக்கிறது. எந்தத் தொழிலும் நடக்க அன்றாடச் செலவுக்குப் பணம் வேண்டும். கொழுந்து தேயிலையாகி, ஏலத்தில் விற்று, காசாக வருவதற்கு வாரக்கணக்காகும். அதுவரை தொழிலை ஓட்டும் பணத்துக்குத் தொழிற்படு மூலதனம் என்று பெயர். வங்கியில் எடுத்தால் வட்டி. வட்டியில்லாமல் கொடுப்பவர் யார்? 1ஆம் திகதி பறித்த கொழுந்துக்குக் கூலி அடுத்த மாதம் 10ஆம் திகதி கைக்கு வருகிறது. நாற்பது நாள் கடன். கடையில் நாம் கொப்பிக்கு வாங்கினால் அவன் விலையில் ஏற்றிவிடுகிறான். நாம் கம்பனிக்குக் கொடுக்கும் கடனுக்கு ஏற்றுவதில்லை.

இது சின்னக் கடன். பெரிய கடன் சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்கூலித் தொழிலாளிக்கு முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தில் 14 நாள் சம்பளம். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 30 ஆண்டு உழைத்த ஒரு தோழிக்கு 2024இல் வந்த 1,350 ரூபாப்படி 5 இலட்சத்து 67 ஆயிரம் ரூபா. கம்பனியின் ஐந்தொகையில் இந்தப் பணம் பொறுப்பு என்ற பக்கத்தில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். சம்பளம் கூடும் ஆண்டில், கடந்துபோன ஆண்டுகளின் சேவைக்கும் சேர்த்து இந்தப் பொறுப்பு ஒரே தடவையில் வீங்கும். அந்த எண்ணைக் காட்டியும் நட்டம் என்பார்கள். அந்த ஆண்டில் அந்தக் காசு வெளியே போகவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அறிக்கையின் குறிப்புகளைத் திருப்பினால் இன்னொரு வரியும் பல இடங்களில் இருக்கும்: இந்தப் பொறுப்புக்காக வெளியே தனி நிதியம் எதுவும் வைக்கப்படவில்லை. அதாவது ஏட்டில் இருக்கிறது, பெட்டியில் இல்லை.

பெட்டியில் இல்லாததால்தான் ஓய்வுபெற்றவர்கள் காரியாலயப் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று கேட்டுக் கேட்டுக் கண் மங்கிப்போன தாய்மாரை எமது கிளைகளில் எல்லோருக்கும் தெரியும். தாமதம் என்றால் என்ன என்று நிதிப் பாடம் சொல்கிறது: இன்றைய ரூபாவும் நாளைய ரூபாவும் ஒரே ரூபா அல்ல. 2020இல் 700 ரூபா அடிப்படையில் 30 ஆண்டுச் சேவையோடு ஓய்வுபெற்றவருக்கு 2 இலட்சத்து 94 ஆயிரம் வர வேண்டும். அது 2022 கடைசியில் கிடைத்தது என்றால்? 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி விலைவாசி ஒரே ஆண்டில் நூற்றுக்கு 69.8 ஏறியிருந்தது. துண்டில் எழுதிய எண் அதே 2,94,000. அதற்கு வாங்க முடிந்த அரிசி, மா, கூரைத்தகரம் பாதியளவாகச் சுருங்கிவிட்டது. அந்த மறுபாதி காணாமல் போகவில்லை. வட்டி கட்டாமல் எமது காசை வைத்துத் தொழில் நடத்தியவரிடம் நின்றுவிட்டது. தாமதத்துக்கு மேலதிகக் கட்டணம் கட்ட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு போட்டுக் கேட்காதவருக்கு அதுவும் கிடைப்பதில்லை.

இங்கே இன்னொரு சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி, பங்குக்காரருக்குப் பங்கிலாபம் கொடுப்பதற்கு முன் கம்பனி தன் கடன்களை அந்தந்தத் தவணையில் கட்டக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று பணிப்பாளர் சபை பார்க்க வேண்டும். 30 நாளில் கட்ட வேண்டிய சேவைக்காலப் பணத்தை வருடக்கணக்கில் கட்டாத ஒரு கம்பனி பங்கிலாபம் அறிவித்தால், அந்தச் சோதனையில் எந்தக் கடனை எண்ணினார்கள்? நாமும் கடன்காரர்தானே, கம்பனிக்குக் கடன் கொடுத்தவர்கள். வரிசையில் வங்கிக்குப் பின்னால், பங்குக்காரருக்கும் பின்னால் எம்மை நிறுத்தியது யார்?

முகாமைக் கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். தோட்டக் கம்பனியை நடத்துவதற்கு அதன் தாய்க் கம்பனி அல்லது முகாமைக் கம்பனி ஒரு கட்டணம் எடுப்பது உண்டு. இலாபம் கணிக்கப்படுவதற்கு முன்பே இது செலவாகக் கழிந்துவிடும். ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பிக்குக் கடை வாடகை வாங்கிக்கொண்டு, தம்பியின் கடை நட்டம் என்று ஊருக்குச் சொல்வது மாதிரி. ஆண்டறிக்கையில் தொடர்புடைய தரப்பினர் என்ற குறிப்பில் இது இருக்கும். உங்கள் கம்பனியின் அறிக்கையில் முதலில் தேட வேண்டிய பக்கம் அதுதான்.

2022ஐ யாரும் மறக்கக் கூடாது. 2021இல் கொழும்பு ஏலத்தில் கிலோவின் ஆண்டுச் சராசரி 600 ரூபாவைச் சற்றுத் தாண்டியிருந்தது. 2022இல் 1,200ஐத் தாண்டியது. டொலர் 200இலிருந்து 360க்கு ஏறியதும், உரத் தடையால் விளைச்சல் சரிந்ததும் காரணம். உரமும் டீசலும் விலை பல மடங்கானது, அதையும் கழித்துத்தான் பேச வேண்டும். ஆனால் விலை இரண்டு மடங்கான அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் நாட்சம்பளம் 1,000 ரூபாதான். கோதுமை மா விலை ஏறி, பிள்ளைகள் வெறும் தேத்தண்ணியோடு பாடசாலைக்கு வந்த மாதங்கள் அவை. காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளை ஆசிரியர்களான நாம் தூக்கியிருக்கிறோம். விலை விழுந்தால் நட்டத்தில் எமக்குப் பங்கு உண்டாம். விலை ஏறினால் இலாபத்தில் பங்கு கிடையாதாம்.

கம்பனிகள் இப்போது முன்வைக்கும் வருமானப் பகிர்வு, வெளியாள் முறை என்பவற்றையும் இந்தக் கண்ணாடியால்தான் பார்க்க வேண்டும். ஆயிரம் தேயிலைச் செடியைக் குடும்பத்துக்குக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கொழுந்தை வாங்குவார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். மழை இல்லாவிட்டால், கொப்புள நோய் வந்தால், ஏல விலை விழுந்தால் அந்த ஆபத்து யாருடையது? ஆபத்தைச் சுமக்கிறவனுக்கு வரவில் பெரிய பங்கு என்பது முதலாளிகளே ஓதுகிற வேதம். அந்த வேதப்படி நிலம் எமக்கு எழுதித் தரப்படுமா, சேமலாப நிதி தொடருமா, கொழுந்தின் விலையை யார் தீர்மானிப்பது? இவை எழுத்தில் இல்லாத எந்தத் தாளிலும் கைநாட்டுப் போடாதீர்கள், கங்காணி அவசரப்படுத்தினாலும்.

எல்லாக் கம்பனியும் எல்லா ஆண்டிலும் கோடி கோடியாகக் குவிக்கிறது என்று மேடையில் முழங்குவது எமக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தோழர்களே அப்படிப் பேசிக் கேட்டிருக்கிறோம். உண்மையிலேயே நட்டப்பட்ட ஆண்டுகளும் தோட்டங்களும் உண்டு. பொய்யான ஓர் எண்ணைச் சொன்னால் மறுபக்கத்துக் கணக்காளர் ஒரே நிமிடத்தில் மேசையில் எம்மை மடக்கிவிடுவார். பிறகு நாம் சொல்லும் மெய்யான பத்து எண்ணும் எடுபடாது.

ஆகவே மாவட்டக் கமிட்டியிடம் நாம் கேட்பது இதுதான். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் முன், ஒவ்வொரு கம்பனியும் தோட்டவாரியான உற்பத்திச் செலவையும், மறுநடுகை செய்த ஹெக்டயரையும், கட்டாமல் நிற்கும் சேவைக்காலப் பணத்தையும், கட்டிய முகாமைக் கட்டணத்தையும் தமிழில் எழுத்தில் தர வேண்டும் என்று கடிதம் போக வேண்டும். கொடுக்க மறுத்தால், மறுத்தார்கள் என்பதைச் சம்பள நிர்ணய சபையில் பதிய வேண்டும். பங்குச் சந்தையில் உள்ள கம்பனிகளின் ஆண்டறிக்கை பகிரங்கமாகக் கிடைக்கிறது. உயர்தரத்தில் வணிகம் படிக்கும் பிள்ளைகளை வைத்துக் கிளைவாரியாக அதை வாசித்துத் தமிழில் எழுதிவைக்கும் வேலையை ஆசிரியர்களான நாம் பொறுப்பெடுக்கிறோம்.

இன்னொன்று. தொண்ணூறுகளில் கம்பனிகளின் பங்குகளை விற்றபோது நூற்றுக்கு 10 பங்கு தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பலர் அதை அந்தக் காலத்திலேயே சொற்பக் காசுக்கு விற்றுவிட்டார்கள். சிலருடைய தகரப் பெட்டியில், சாமிப் படத்துக்குப் பின்னால், அந்தப் பத்திரம் இன்னமும் கிடக்கும். தாத்தா பாட்டி பெயரில் இருந்தாலும் பரவாயில்லை, எறிந்துவிடாமல் கிளைக் காரியதரிசியிடம் கொண்டுவந்து காட்டுங்கள். பெயர் மாற்றும் வழியைப் பார்ப்போம். ஒரே ஒரு பங்கு கையில் இருந்தாலும் அவர் கம்பனியின் பங்குக்காரர். ஆண்டறிக்கை அவருக்கு வர வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய், கொழும்பில் எழுந்து நின்று, சேவைக்காலப் பணம் எங்கே என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. பஸ் செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.